மலை யாருக்குரியது? – ஒஸ்திரிய மலையேற்றத்தின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மலையேற்றத்தின் வரலாறு பெரும்பாலும் வீரர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எச்சிகரத்தில் எவர் முதன்முதற் காலடி வைத்தார், எவ்வாண்டில் வைத்தார், எத்தனை பேர் உயிரிழந்தனர் என்பனவே அவ்வரலாற்றின் அத்தியாயங்கள். 1786 ஆம் ஆண்டு மொன் பிளாங் சிகரம் ஏறப்பட்டமையும், 1865 ஆம் ஆண்டு மற்றர்ஹோர்ன் சிகரத்திலிருந்து இறங்குகையில் நால்வர் வீழ்ந்து மடிந்தமையும் இவ்விடயத்தில் ஆர்வமுள்ளோர் பலரும் அறிந்தவை. ஆயின், சாதாரண மனிதனொருவன் மலைமீது ஏறி நிற்பதற்குத் துணிவு மட்டும் போதுமானதன்று. அவனுக்கு ஒருநாள் ஓய்வு வேண்டும். மலையடிவாரம்வரை செல்வதற்குப் பயணச் செலவு வேண்டும். மலைப்பாதையில் நடப்பதற்கு உரிமை வேண்டும். இம்மூன்றும் யாருக்கு, எப்போது, எவ்வாறு கிடைத்தன என்ற வினாவை எழுப்பும்போது மலையேற்ற வரலாறு சமூக வரலாறாக மாறிவிடுகின்றது. வியன்னா நகரையும் அதனை அண்டிய மலைகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேற்கே பிரான்சிலிருந்து நீண்டுவரும் அல்ப்ஸ் மலைத்தொடர் கிழக்கே வியன்னாவை அணுகுகையிற் படிப்படியாகத் தாழ்ந்து சமவெளியிற் கலக்கின்றது. அவ்வாறு தாழ்வதற்கு முன்னர் அது இறுதியாகத் தலைநிமிரும் இடத்தில் இரு சுண்ணாம்புக்கல் மலைகள் உள்ளன. ஒன்று ‘பனிமலை’ எனப் பொருள்படும் ஷ்னேபேர்க். உயரம் 2076 மீற்றர். மற்றையது றாக்ஸ், உயரம் 2007 மீற்றர். இவற்றுக்குக் கிழக்கே அல்ப்ஸில் இரண்டாயிரம் மீற்றரைத் தாண்டும் சிகரம் வேறில்லை. இரண்டுக்குமிடையே சுவார்சா ஆறு ஆழ்ந்த பள்ளத்தாக்கொன்றை அரித்துச் செல்கின்றது. மேலே பரந்த புல்வெளி, பக்கங்களிற் செங்குத்தான பாறை என்பதே இம்மலைகளின் அமைப்பு. மேலே விழும் மழையும் உருகும் பனியும் பாறை வெடிப்புகளூடாக இறங்கி அடிவாரத்தில் ஊற்றுகளாகப் பெருகுகின்றன. இவ்வூற்று நீரை வியன்னாவுக்குக் கொண்டுசெல்லும் நீர்க்கால்வாய் 1873 இல் திறக்கப்பட்டது. எனவே, மலையை வாழ்நாளிற் கண்டிராத வியன்னாத் தொழிலாளியும் மலையின் நீரையே பருகினான் எனலாம்.

நகரத்தார் வருமுன்னர் இம்மலைகள் ஆளற்றுக் கிடந்தன என எண்ணுதல் தவறாகும். மேய்ப்பர்களும், விறகு வெட்டுவோரும், கரி சுடுவோரும், வேட்டையாடுவோரும் தலைமுறை தலைமுறையாக இங்கு ஏறியிறங்கினர். அவர்கள் மலையேறியது பொழுதுபோக்குக்காகவன்று, பிழைப்புக்காக. கல்வியறிவுடையோர் வந்தது பின்னரே. தாவரவியலாளரான குளூசியஸ் 1570களில் ஷ்னேபேர்க் மலையில் ஏறிச் செடிகளை ஆராய்ந்தார். பேரரசர் முதலாம் பிரான்ஸ் 1805 இலும் 1807 இலும் அதன்மீது ஏறினார். இரண்டு தடவை ஏறிய பேரரசரின் நினைவாக அம்மலையின் முகடொன்று ‘பேரரசர் பாறை’ எனப் பெயர்பெற்றது. ஆண்டுதோறும் ஏறிய மேய்ப்பனின் பெயரை எந்தப் பாறையும் தாங்கவில்லை. இதற்கு விதிவிலக்காக ஒருவரைக் குறிப்பிடலாம். கோசாவ் என்னும் ஊரிலிருந்து வந்த விறகுவெட்டியான கேயோர்க் ஹூப்மர் (1755–1833) எழுத வாசிக்க அறியாதவர். எனினும், மலைக்காட்டு மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு வியன்னாவின் அடுப்புகளுக்கு அனுப்பும் பெருந்தொழிலை நடாத்தி, அதற்கென மலையைக் குடைந்து சுரங்கவழியும் அமைத்தார். மக்கள் அவரை ‘றாக்ஸ் மன்னர்’ என்றழைத்தனர்.

நகரையும் மலையையும் இணைத்தது புகையிரதமே. வியன்னாவிலிருந்து புறப்பட்ட இருப்புப் பாதை 1842 இல் மலையடிவாரத்துக் குளொக்னிற்ஸ் நகரை அடைந்தது. அங்கிருந்து செமறிங் கணவாயைக் கடக்கும் மலைப்பாதை கார்ல் ஃபொன் கேகா என்னும் பொறியியலாளரின் திட்டப்படி 1848 இல் தொடங்கப்பெற்று 1854 இல் நிறைவேறியது. ஏறத்தாழ நாற்பது கிலோ மீற்றர் நீளமான இப்பாதையைப் பொறியியல் அற்புதமென இன்றும் போற்றுகின்றனர். அது தகும். ஆயின், அதனை அமைத்த பல்லாயிரம் தொழிலாளருள் நூற்றுக்கணக்கானோர் விபத்தாலும் தொற்றுநோயாலும் மாண்டனர் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். மலையைக் குடைந்தவன் மலையின் அழகைக் காண அப்புகையிரதத்தில் வரவில்லை. அவ்வாறு வருவதற்கு அவனுக்கு ஓய்வுநாளுமில்லை, கட்டணத்துக்குப் பணமுமில்லை.

வந்தவர்கள் மத்தியதர வர்க்கத்தினர். 1862 ஆம் ஆண்டு வியன்னாவில் ஒஸ்திரிய அல்ப்ஸ் சங்கம் தோன்றியது. இலண்டனில் 1857 இல் நிறுவப்பட்ட சங்கத்துக்கு அடுத்ததாக உலகில் எழுந்த மலையேற்றச் சங்கம் இதுவே. இதன் தோற்றத்துக்குக் காரணமாயிருந்தவர்கள் பவுல் குறோமான், எட்மண்ட் ஃபொன் மொய்சிசோவிக்ஸ், குவிடோ ஃபொன் சொமறூகா ஆகிய மூன்று பல்கலைக்கழக மாணவர்கள் என்பது நாம் கருத்திற் கொள்ள வேண்டியதொன்றாகும். 1869 இல் மியூனிக் நகரில் ஜேர்மன் சங்கம் தோன்றியது. 1873 இல் இரண்டும் ஒன்றாயின. இச்சங்கம் ஆற்றிய பணி சிறிதன்று. பாதைகள் அமைத்தது, தங்குகுடில்கள் கட்டியது, தேசப்படங்கள் வரைந்தது, மலைபற்றிய அறிவைப் பரப்பியது. ஆயினும், அதன் அங்கத்தவர்கள் பெரும்பாலும் உத்தியோகத்தர், வழக்கறிஞர், மருத்துவர், பேராசிரியர் ஆகியோரே. 1890களில் வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட் றாக்ஸ் மலைக்கு ஓய்வுக்காகச் சென்றார். அங்கு விடுதியிற் பணிபுரிந்த இளம்பெண் தன் மனத்துயரை அவரிடம் கூறினாள். அவ்வுரையாடல் 1895 இல் வெளியான அவரது நூலில் இடம்பெற்றுள்ளது. நகரத்தவர் ஓய்வுபெற ஏறுகின்றார். மலைப்பெண் அவருக்கு உணவு பரிமாறுகின்றாள். அக்கால மலையேற்றத்தின் சமூக அமைப்பை இக்காட்சி தெளிவாக உணர்த்துகின்றது.

அதே 1895 ஆம் ஆண்டிலேயே மாற்றமொன்று தொடங்கியது. பத்தாண்டுகளுக்கு முன்னர், 1885 இல், ஒஸ்திரியச் சட்டம் ஆலை வேலைநேரத்தைப் பதினொரு மணித்தியாலமாக வரையறுத்து ஞாயிறு ஓய்வையும் விதித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது, ஆனால் அதனைக் கழிப்பதற்கு நெருக்கமான குடியிருப்பும் மதுச்சாலையும் தவிர வேறிடமில்லை. இந்நிலையில் 1895 மார்ச் மாதத்தில் இயற்கையை விரும்புவோரை ஒன்றுகூட அழைக்கும் சிறு விளம்பரமொன்று வியன்னாத் தொழிலாளர் பத்திரிகையில் வெளிவந்தது. அதனை வெளியிட்டவர் கேயோர்க் ஷ்மீடில் என்னும் ஆசிரியர். அவருடன் இணைந்தவர்கள் அலோயிஸ் றோறௌவர் என்னும் கொல்லரும், கார்ல் றென்னர் என்னும் சட்ட மாணவரும். இம்மாணவரே பின்னர் 1918 இல் ஒஸ்திரியக் குடியரசின் முதல் அரசாங்கத் தலைவராகவும், 1945 இல் அதன் சனாதிபதியாகவும் விளங்கினார். ஆசிரியரும் கொல்லரும் மாணவரும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பே ‘இயற்கை நண்பர்கள்’ என்பதாகும்.

இவ்வமைப்பின் வாழ்த்துரையே அதன் கொள்கையை விளக்கப் போதுமானது. மத்தியதர வர்க்க மலையேறிகள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது ‘பேர்க் ஹைல்’ என்று மலையை வாழ்த்தினர். தொழிலாளரோ ‘பேர்க் ஃப்ரை’ என்றனர்; ‘மலை கட்டற்றதாகுக’ என்பது அதன் பொருள். இது வெறும் அழகுச் சொல்லன்று. மலைச் சரிவுகளிற் பெரும்பகுதி பிரபுக்களின் வேட்டைக் காடாக இருந்தது. மான்கள் கலையுமென்ற காரணங் காட்டிப் பாதைகள் மூடப்பட்டன. மலைமீது நடத்தல் என்பதே நிலவுடைமைக்கு எதிரான கோரிக்கையாயிற்று. போராட வேண்டிய தொழிலாளி மலையிற் பூப்பறிக்கச் செல்வதா என இயக்கத்துக்குள்ளேயே ஐயுற்றோரும் உளர். ஆயின், மதுச்சாலையிலிருந்து விடுபட்டுத் தோழருடன் ஒரே கயிற்றிற் பிணைந்து பாறையேறும் தொழிலாளி ஒற்றுமையின் பாடத்தையன்றோ கற்கின்றான்? 1907 இல் தீரோல் மாநிலத்தில் இவ்வமைப்பினர் தமது முதலாவது மலைக்குடிலைத் திறந்தனர்.

மலை வர்க்க பேதம் பாராதது என்பதை 1896 ஆம் ஆண்டு மார்ச் 8 ஆந் திகதி உணர்த்தியது. றாக்ஸ் மலையின் பாதையொன்றிற் பனிச்சரிவு மூவரைப் புதைத்தது. அவர்களைத் தேடுவதற்கு ஒழுங்கான ஏற்பாடெதுவும் இருக்கவில்லை. இத்துயரின் விளைவாக அவ்வாண்டிலேயே வியன்னாவின் மலையேற்றச் சங்கங்கள் ஒன்றுகூடி மீட்புக்குழு ஒன்றை நிறுவின. உலகின் முதலாவது மலை மீட்புச் சேவை இதுவெனக் கருதப்படுகின்றது. ஆபத்திற் சிக்கியவன் எச்சங்கத்தவன் என்று வினவாது உதவுவதே அதன் நெறியாக அமைந்தது.

முதலாம் உலகப் போரின் பின் முடியாட்சி வீழ்ந்தது. எட்டு மணித்தியால வேலைநாள் சட்டமாயிற்று. 1919 ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டு பணிபுரிந்த தொழிலாளிக்கு ஒரு வாரமும், ஐந்தாண்டு பணிபுரிந்தவனுக்கு இரு வாரமும் சம்பளத்துடன் விடுமுறை அளித்தது. மலைகளில் நடக்கும் உரிமையை 1920களின் தொடக்கத்தில் மாநிலங்கள் சில சட்டமாக்கின. 1926 இல் றாக்ஸ் மலைக்குக் கம்பிவடப் பாதை அமைந்தது. ஓய்வு, பயணம், உரிமை ஆகிய மூன்றும் ஒருங்கே கைகூடுவது போலத் தோன்றிய காலம் அது.

ஆயின் வரலாறு நேர்கோட்டிற் செல்வதில்லை. பிரபுக்களின் வேலி தளர்ந்துகொண்டிருந்த அதே வேளையில் வேறொரு வேலி எழுந்தது. 1921 இல், மூன்று மாணவர்கள் தோற்றுவித்த சங்கத்தின் நேர்வழி வாரிசான வியன்னாக் கிளை, யூதர்களை அங்கத்தவராக ஏற்பதில்லை எனத் தீர்மானித்தது. விலக்கப்பட்டோரும், அவர்களுக்காக நியாயம் பேசியோரும் டொனாவ்லாண்ட் என்னும் புதிய கிளையை அமைத்தனர். 1924 டிசெம்பரில் சங்கம் அக்கிளையையும் வெளியேற்றியது. மலைக்குடில்களின் வாயில்களில் யூதர்க்கு இடமில்லை என்ற அறிவிப்புகள் தொங்கின. பிற்காலத்தில் உளமருத்துவராகப் புகழ்பெற்ற விக்டர் பிறாங்கல் இவ்வாறு விலக்கப்பட்டோரின் அணியைச் சேர்ந்தவர். றாக்ஸ் மலைமீது தீராத பற்றுடையவர். நாற்சி வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பி வந்தபின்னும் அம்மலைக்கே மீண்டும் மீண்டும் சென்றவர். இச்செயலைப் புரிந்தோர் பாமரர் அல்லர். கற்றறிந்த நகரத்தவர் என்பதே நம்மைச் சிந்திக்கத் தூண்டுவது. அரசு இனவாதச் சட்டங்களை இயற்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, எவரது கட்டாயமுமின்றி, ஒரு பண்பாட்டுச் சங்கம் தானாகவே அவ்வழியைத் தேர்ந்துகொண்டது.

தொழிலாளர் அமைப்பும் தப்பவில்லை. ஜேர்மனியில் 1933 இலும், ஒஸ்திரியாவில் 1934 பெப்ரவரி உள்நாட்டுப் போரின் பின்னரும் ‘இயற்கை நண்பர்கள்’ தடைசெய்யப்பட்டு, அவர்களது உடைமைகள் பறிக்கப்பட்டன. 1938 இல் டொனாவ்லாண்டும் கலைக்கப்பட்டது. உண்டியற் காசிலும் ஞாயிற்றுக்கிழமை உழைப்பிலும் எழுந்த குடில்கள் ஓர் ஆணையினாற் கைமாறின.

போரின் பின்னரே உரிமை உறுதிபெற்றது. 1946 ஆம் ஆண்டு பவேரிய அரசியலமைப்பு, காட்டிலும் மலைமேய்ச்சல் நிலத்திலும் நடந்து இயற்கையழகைத் துய்க்கும் உரிமையை யாவர்க்கும் வழங்கியது. ஒஸ்திரியாவின் 1975 ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் பொழுதுபோக்குக்காகக் காட்டினுள் நுழையும் உரிமையை அனைவர்க்கும் அளித்தது. வெறும் வாழ்த்துரையாகத் தொடங்கிய ‘பேர்க் ஃப்ரை’ எண்பது ஆண்டுகளின் பின் சட்டவாசகமாயிற்று. அல்ப்ஸ் சங்கங்களும் 1918 முதல் 1945 வரையிலான தமது இருண்ட காலத்தை ஆராய்ந்து 2011 இல் நூலாகவும் கண்காட்சியாகவும் வெளியிட்டன. தவற்றை மறைக்காது எழுதுவதும் ஒருவகை மலையேற்றமே.

இவ்வரலாற்றில் மாணவர்கள் இருமுறை தோன்றுகின்றனர். 1862 இல் மூவர் தம்மைப் போன்ற கற்றோருக்கு மலையைத் திறந்தனர். 1895 இல் ஒருவர் கொல்லரோடும் ஆசிரியரோடும் நின்று மற்றையோருக்கும் திறக்க முயன்றார். முன்னையோர் அமைத்த சங்கம் வலிமையுடன் வளர்ந்தது. ஆயின் தன்னை அமைத்தவர்களின் அறிவார்வத்தை மறந்து, பிறப்பை நோக்கி வாயிலை அடைத்தது. சங்கம் அமைப்பது எளிது; அதன் வாயில் யாருக்குத் திறந்திருக்கின்றது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் காவல் செய்தல் வேண்டும். சங்கங்கள் அமைத்து, அவற்றின் பெயராற் பேசுகின்ற மாணவராகிய நாம் இதனை மறத்தலாகாது. மலை தானாக எவரையும் விலக்குவதில்லை. விலக்குவோர் மனிதரே, எனவே திறக்க வேண்டியவரும் மனிதரே.