ஒரே தேய்வு, இரண்டு தீர்ப்பு: மொரிஸ் மைனரும் லிஸ்டரும்

குண்டசாலையிலோ கண்டிப் பக்கத்தின் வேறெந்தக் கராஜிலோ பழைய எஞ்சின் என்று பேச்செடுத்தால் இரண்டு பெயர்கள் வராமல் போகாது. ஒன்று மொரிஸ் மைனர் 1000 காரின் 948 சிசி பெற்றோல் எஞ்சின். மற்றது தண்ணீர் இறைத்தும் ஆலை சுற்றியும் பேர் வாங்கிய லிஸ்டர் 6/1 டீசல் எஞ்சின். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழையதைத் திருத்தி ஓட்டுவது ஆசையைத் தாண்டித் தேவையாகவும் ஆனது. இரண்டுக்கும் வரும் முறைப்பாடு ஒன்றே: "கம்ப்ரெஷன் இல்லை." சொல்லப்படும் மருந்தும் பெரும்பாலும் ஒன்றே: போர் அடித்து பிஸ்டனும் ரிங்கும் மாற்று. நோயின் பெயர் ஒன்றானாலும் உடம்பு வேறு என்பதை இந்த மருந்து கணக்கில் எடுப்பதில்லை.

மைனரின் இந்த எஞ்சின் 1956 முதல் 1962 வரை வந்தது. நான்கு சிலிண்டர், விட்டம் 62.9 மிமீ, ஸ்ட்ரோக் 76.2 மிமீ. அமுக்க விகிதம் 8.3:1. தரம் குறைந்த பெற்றோல் கிடைக்கும் நாடுகளுக்கென 7.2:1 பிஸ்டனுடனும் அனுப்பினார்கள். இங்கிலாந்தின் டர்ஸ்லியில் பிறந்த லிஸ்டருக்கு ஒரே சிலிண்டர், விட்டம் 114.3 மிமீ, ஸ்ட்ரோக் 139.7 மிமீ. நிமிடத்துக்கு 650 சுற்றில் 6 குதிரைவலு தரும்.

மைனரில் தீ மூட்டுவது பிளக். கம்ப்ரெஷன் குறைந்தால் இழுவை குறையும், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். ஆனாலும் வண்டி ஓடும். லிஸ்டரில் தீ மூட்டுவதே கம்ப்ரெஷன்தான். நெருக்கிய காற்று போதிய சூடேறாவிட்டால் டீசல் பற்றாது. வேகமும் இதில் சேர்கிறது. மைனர் 4000 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் ஒருமுறை மேலேற 7.5 மில்லிசெக்கன் போதும். லிஸ்டருக்கு 650 சுற்றில் 46 மில்லிசெக்கன் தேவை. கையால் சுழற்றித் தொடக்கும்போது அதைவிடப் பல மடங்கு. ரிங்கில் உள்ள அதே சந்து வழியே காற்று தப்ப லிஸ்டரில் அவ்வளவு அவகாசம் உண்டு. ஓட்டத்தில் தெரியாத கசிவு, ஹேண்டில் பிடிக்கும்போது தெரிந்துவிடுகிறது.

நோய் காணும் முறையும் இதனால் வேறாகிறது. மைனரில் எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, திரொட்டிலை முழுதாகத் திறந்து அளவுமானி வைக்க வேண்டும். நல்ல எஞ்சின் கடல்மட்டத்தில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 150 இறாத்தல் காட்டும். குண்டசாலையின் உயரத்தில் காற்றமுக்கம் ஏறத்தாழ 5 சதவீதம் குறைவு, ஆகவே 142 வந்தால் அது தேய்வு அல்ல. 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் அதே எஞ்சின் 120 தான் காட்டும். ஆகவே எண்ணைவிட நான்குக்கும் இடையிலான வித்தியாசமே முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் ரிங்; ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சேர்ந்து தாழ்ந்திருந்தால் ஹெட் காஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் நின்றபின், அது தந்த காப்பு வால்வு இருக்கைகளுக்கு இல்லை. இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே இறங்க, வால்வுக்கும் ரொக்கருக்கும் உள்ள இடைவெளி மறைந்து வால்வு மூடாமல் நிற்கும். பழி ரிங்கின்மேல் விழும்.

லிஸ்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துச் சிலிண்டர் இல்லை. அங்கே சோதனை பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியில் தொடங்குகிறது. பிஸ்டன் தலையில் ஈயக் கம்பித் துண்டு வைத்து, ஹெட்டைப் பூட்டி, கையால் ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய ஈயத்தை அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருந்தால் சரி. கூடினால் சிலிண்டரின் அடியில் உள்ள தகடுகளைக் குறைக்க வேண்டும். மைனரில் காஸ்கட் அரை மில்லிமீட்டர் தடித்தால் 8.3 என்பது 8 ஆகும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. 17:1 இல் நிற்கும் லிஸ்டரில் அதே அரை மில்லிமீட்டர் விகிதத்தை 16 ஆக்கும். குளிர்ந்த காலையில் அது ஸ்டார்ட் எடுக்காமல் போக அதுவே போதும்.

போர் அடிப்பதிலும் கணக்கு உண்டு. மைனரை 1 மிமீ ஓவர்சைஸ் வரை கடைந்து, ஹெட்டைத் தொடாமல் விட்டாலே 8.3 ஏறத்தாழ 8.5 ஆகும். அறுபது ஆண்டில் பலமுறை சீவப்பட்ட ஹெட் என்றால் இன்னும் ஏறும், கடுகண்ணாவை ஏற்றத்தில் நொக்கிங் கேட்கும். ஆகவே மைனரைக் கட்டும்போது கூடிவிடாமலும், லிஸ்டரைக் கட்டும்போது குறைந்துவிடாமலும் பார்ப்பதே வேலை. லிஸ்டருக்குப் புது பிஸ்டன் தேடுவது எளிது. குஜராத்தின் ராஜ்கோட்டில் அதே வடிவ எஞ்சின்களைப் பல பட்டறைகள் வார்த்தன. ஆனால் பட்டறைக்குப் பட்டறை அளவு மாறுவதால், புதிய பிஸ்டன் போட்டபின் ஈயத் துண்டுச் சோதனையைத் தவிர்க்க முடியாது.

இந்த எதிரெதிர் இயல்பை யாழ்ப்பாணம் வாழ்ந்து காட்டியது. 1990 இல் உள்நாட்டு யுத்தம் மீண்டும் மூண்டு பெற்றோல் தடைப்பட்டபோது, அங்கே மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நெருக்கினால் தாறுமாறாக வெடிக்கும் எண்ணெய் அது. குறைந்த விகிதமுள்ள பழைய எஞ்சின்களே அதைத் தாங்கின. விலையும் கொடுத்தன: முழுதாக ஆவியாகாத எண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து ஒயிலை நீர்த்தது, ரிங் காடிகளில் கரி அடைந்தது. பெற்றோல் எஞ்சின் கம்ப்ரெஷன் தாழ்ந்திருந்ததால் மோசமான எரிபொருளையும் ஏற்றது. டீசல் எஞ்சின் கம்ப்ரெஷன் தாழ்ந்தால் நல்ல எரிபொருளையும் ஏற்காது.

ஆகவே செலவின் வரிசையும் மாற வேண்டும். மைனரில் நான்கும் 120 இல் சமமாக நின்று, புகையும் இல்லாவிட்டால் பிஸ்டனைத் தொடத் தேவையில்லை. காசை வால்வு இருக்கைக்கு வைக்கலாம். லிஸ்டரில் முதலில் வால்வைத் தேய்த்துப் பதித்து, பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சரி செய்து, அதன்பின்னும் ஹேண்டில் இலகுவாகச் சுழன்றால் மட்டும் சிலிண்டரை லேத்துக்கு அனுப்பலாம். அந்தக் கட்டத்தில் லிஸ்டருக்குத் தாமதம் கூடாது. மைனருக்கோ இன்னும் சில ஆண்டு பொறுத்தாலும் நட்டமில்லை.