பிளடி மேரி: தக்காளிச்சாறும் வோட்காவும்

பிளடி மேரி என்பது தக்காளிச்சாற்றில் வோட்கா, எலுமிச்சை, உப்பு, மிளகு, காரச்சாறு சேர்த்துப் பனிக்கட்டியுடன் பருகும் கலப்பு மது. காக்டெயில்களில் பெரும்பாலானவை இனிப்பும் புளிப்புமாக இருக்க, இது உப்பும் உறைப்புமாக நாக்கில் இறங்கும். பிறப்பிடம் என்று பாரிசும் நியூயார்க்கும் உரிமை கொண்டாடுகின்றன. ஆனால் இதற்குச் சுவை தரும் பொருள்களில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டு அடுக்களையில் என்றும் இருப்பவை. அதனால்தான் சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்ககத்துச் சமையலறையிலும் இதைச் சிரமமில்லாமல் செய்ய முடிகிறது.

இதைக் கண்டுபிடித்தது யார் என்பதில் இருவர் பெயர் அடிபடுகிறது. ஒருவர் ஃபெர்னான் பெத்தியோ. பாரிசின் ஹாரிஸ் நியூயார்க் பாரில் 1920-களில் மது கலப்பவராக இருந்தவர். 1934 முதல் நியூயார்க்கின் செயின்ட் ரெஜிஸ் விடுதியில் கிங் கோல் பாரில் பணியாற்றினார். மற்றவர் ஜார்ஜ் ஜெஸல் என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகர். 1927-இல் ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் தாமே இதை முதலில் கலந்ததாக அவர் சொல்லி வந்தார். 1939-இல் பத்திரிகையாளர் லூசியஸ் பீப் ஜெஸலின் புதிய பானம் என்று குறிப்பிட்டதில் பாதி தக்காளிச்சாறும் பாதி வோட்காவும்தான் இருந்தன. 1964-இல் பெத்தியோ இதற்கு நேர்மையான தீர்வு ஒன்றைச் சொன்னார்: வெறும் சாற்றையும் வோட்காவையும் சேர்த்தவர் ஜெஸல், உப்பு, மிளகு, காயென் மிளகாய்த்தூள், வூஸ்டர் சாஸ், எலுமிச்சை எல்லாம் சேர்த்து இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் தாமே என்று. இந்தப் பங்கீடு சரியானதே. மசாலா சேராத வரை அது வோட்கா கலந்த தக்காளிச்சாறு மட்டுமே. பெயர் இங்கிலாந்து அரசி முதலாம் மேரியைக் குறிப்பதாகச் சொல்லப்படுவதற்கு உறுதியான சான்று இல்லை. செயின்ட் ரெஜிஸில் அந்தப் பெயர் முகம் சுளிக்க வைத்ததால் அங்கே ‘ரெட் ஸ்நாப்பர்’ என்று வழங்கினார்கள்.

இனி வூஸ்டர் சாஸ். இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் லீ அண்ட் பெரின்ஸ் நிறுவனம் 1837 முதல் விற்றுவரும் இந்தக் கருஞ்சாற்றில் காடி, சர்க்கரைப்பாகு, நெத்திலி வகை மீன், வெங்காயம், பூண்டு ஆகியவற்றோடு புளியும் சேர்கிறது. நம் புளி கப்பலேறிப் போய், கண்ணாடிப் புட்டியில் அடைபட்டு, மீண்டும் தக்காளியோடு சேர்ந்திருக்கிறது. புளி, மிளகு, தக்காளி என்று வரிசைப்படுத்தினால் தமிழருக்கு உடனே நினைவுக்கு வருவது ரசம். ஆங்கிலேயருக்கும் அந்தச் சுவை பழக்கமானதுதான். மிளகுத்தண்ணீர் என்ற சொல்லை ‘மல்லிகடாணி’ என்று திரித்து அதை சூப்பாகக் குடித்தவர்கள் அவர்கள். 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, சென்னை மாகாணத்து ஆங்கிலேய அதிகாரிகளுக்கு ‘மல்’ என்ற பட்டப்பெயரே இதனால் வந்தது என்கிறது. பிளடி மேரியை ரசத்தின் பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆனால் ரசம் குடித்துப் பழகிய நாக்குக்கு இது அந்நியமாகத் தோன்றுவதில்லை.

புளி, மிளகு, தக்காளி என்ற அந்த வரிசையில் தக்காளி மட்டும்தான் பின்னால் வந்த விருந்தாளி. தென்னமெரிக்கச் செடி; போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. தக்காளி என்ற சொல் அதற்கு முன்பே தமிழில் இருந்தது. வேலியோரம் தாமாக முளைக்கும் சிறு பழச்செடிகளைக் குறித்தது. மணத்தக்காளி என்ற பெயரில் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடல் கடந்து வந்த பழம் ‘சீமைத்தக்காளி’ ஆயிற்று. பிறகு சீமை உதிர்ந்து வெறும் தக்காளி ஆயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாவரவியலாளர் ஜார்ஜ் வாட், தக்காளி இந்தியாவில் பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிராகிறது என்று எழுதினார். மயிலாப்பூரில் பல வீடுகளில் திவசச் சமையலில் இன்றும் தக்காளி சேர்ப்பதில்லை. அது புதிதாக வந்த காய் என்ற நினைவைச் சமையலறை இப்படிக் காத்து வைத்திருக்கிறது.

மதுவின் பக்கம் வரலாறு வேறு விதமாக ஓடியது. நியூயார்க்கில் பெத்தியோ மிளகு தூவிக்கொண்டிருந்த காலத்தில், 1937-இல், ராஜாஜி தலைமையிலான அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அது பின்னர் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்த்தப்பட்டு, சில ஆண்டுகளில் திரும்பக் கொண்டுவரப்பட்டு, 1981-இல் மறுபடி விலக்கிக்கொள்ளப்பட்டது. 1983-இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் நிறுவப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. டாஸ்மாக் பாரில் தண்ணீரும் சோடாவும் சைடு டிஷ்ஷும் கிடைக்கும். கலந்து தரும் வழக்கம் கிடையாது. காக்டெயில் கலை நட்சத்திர விடுதிகளிலும் கிளப்புகளிலும் ஒதுங்கியே வளர்ந்தது. 2013-இல் ஃபீனிக்ஸ் மால் திறந்த பிறகு வேளச்சேரியிலும் அப்படிப்பட்ட விடுதி பார் வந்தது. அங்கே ஒரு கோப்பைக்குக் கொடுக்கும் பணத்தை எண்ணிப் பார்ப்பவர்கள் வீட்டில் கலந்து பார்க்கிறார்கள்.

வீட்டில் கலப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, உயர்ந்த வோட்காவுக்குச் செலவழித்துவிட்டு அட்டைப்பெட்டித் தக்காளிச்சாறு வாங்குவது. 2011-இல் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் பேசிய வேதியியலாளர் நீல் டா கோஸ்டா, வேதியியல் கணக்கில் உலகிலேயே மிகச் சிக்கலான காக்டெயில் இதுதான் என்றார். காரமும் புளிப்பும் வோட்காவின் தரத்தை மறைத்துவிடும், ஆகவே செலவைச் சாற்றில் செய்யுங்கள் என்பது அவர் கொடுத்த அறிவுரை. சென்னைக்கு இதன் பொருள் நாட்டுத் தக்காளி. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் கோயம்பேட்டுச் சந்தைக்கு லாரிகளில் வரும் தக்காளியில், நீள உருண்டையாக, தோல் தடித்து, அழுத்தினால் அமுங்காமல் இருப்பதைப் ‘பெங்களூர் தக்காளி’ என்பார்கள். பல நாள் கெடாது. சாறும் புளிப்பும் குறைவு. தட்டையாக, வரிவரியாக, தொட்டால் அமுங்கும் நாட்டுத் தக்காளியே இதற்கு ஏற்றது. விதையைச் சுற்றியுள்ள வழவழப்பில்தான் குளுட்டமேட் என்ற சுவைப்பொருள் மிகுதி. விதையை வழித்தெறிந்தால் சுவையும் போய்விடும்.

அரைக் கிலோ பழுத்த தக்காளியை நறுக்கி, மிக்ஸியில் இரண்டே சுற்று விட வேண்டும். அதிகம் ஓட்டினால் காற்று ஏறி, இளஞ்சிவப்பு நுரையாகிவிடும். கம்பி வடிகட்டியில் கரண்டியால் மெல்லத் தேய்த்து வடித்தால் இரண்டு பேருக்குப் போதுமான சாறு இறங்கும். பச்சைச் சாற்றை நெடுநேரம் வைத்தால் கீழே சிவப்பாகவும் மேலே தெளிந்த நீராகவும் பிரியும். பழத்திலுள்ள நொதி பெக்டினை உடைப்பதால் வருவது இது. எனவே உடனே கலப்பது நல்லது.

ஒரு டம்ளருக்கு 120 மி.லி. சாறு, 60 மி.லி. வோட்கா, அதாவது ஒரு லார்ஜ். அரை மூடி எலுமிச்சை, உப்பு, புதிதாக இடித்த மிளகு, சிட்டிகை மிளகாய்த்தூள். வூஸ்டர் சாஸில் மீன் இருப்பதால் சைவ வீடுகளில் கெட்டிப் புளிக்கரைசலில் வெல்லமும் கடுகளவு பெருங்காயமும் கரைத்து அரைத் தேக்கரண்டி விடலாம். மேல்நாட்டில் சேர்க்கும் குதிரைமுள்ளங்கிக்கு ஈடாக, இங்கிருந்த ஆங்கிலேயர் முருங்கை வேரைத் துருவிக்கொண்டார்கள். முருங்கைக்கு ஆங்கிலத்தில் குதிரைமுள்ளங்கி மரம் என்ற பெயர் வந்ததும் அந்த வேரின் காரத்தால்தான். ஆனால் வேர்ப்பட்டையில் நச்சுப்பொருள் உண்டு; அதை விட்டுவிட்டு, அரைத்த கடுகு கால் தேக்கரண்டி சேர்த்தால் அதே மூக்கேறும் காரம் கிடைக்கும். பனிக்கட்டி போட்டு, இரண்டு டம்ளர்களுக்கிடையே நாலைந்து முறை மாற்றி ஊற்ற வேண்டும். டபராவில் காப்பி ஆற்றும் அதே கைதான். உயரம் மட்டும் ஒரு சாண் தாண்டக் கூடாது, நுரை கட்டிவிடும்.

தமிழ்நாட்டில் மது வாங்கவும் அருந்தவும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வோட்கா இல்லாமல் கலந்த பானத்துக்கு வர்ஜின் மேரி என்று பெயர். ஆகவே வோட்காவைச் சாற்றுக் குடுவையில் ஊற்றாமல், வேண்டுபவரின் டம்ளரில் மட்டும் அளந்து விடுங்கள். வீட்டில் குடிக்காதவருக்கும் அதே குடுவையிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுக்கலாம்.