மார்க்கோமானியா: எம்டனுக்கு நிலக்கரி சுமந்த கப்பலின் பணி வரலாறு (1914)

முன்னுரை

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையைத் தாக்கியது. துறைமுகத்தையொட்டிய பர்மா எண்ணெய் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. சூழ்ச்சித் திறன் மிக்கவரை ‘எம்டன்’ எனக் குறிக்கும் வழக்கும் தமிழில் நிலைபெற்றது. ஆனால், அதற்கு நிலக்கரி சுமந்த மார்க்கோமானியா அவ்வாறு நினைவில் நிற்கவில்லை. எம்டனின் வெற்றியைத் தளபதி கார்ல் ஃபான் முல்லரின் திறமையாக மட்டுமன்றி, எரிபொருள் வழங்கலின் விளைவாகவும் காண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

எரிபொருள் தேவை

எம்டன் ஏறத்தாழ 860 டன் நிலக்கரியை ஏற்றவல்லது. 12 நாட் வேகத்தில் அதனைக் கொண்டு சுமார் 3,760 கடல் மைல் செல்லலாம். இந்தியப் பெருங்கடலில் ஜெர்மனிக்கென நிலக்கரித் தளம் ஏதும் இல்லை. எனவே உடன்வரும் சரக்குக் கப்பலே எம்டனுக்குத் தளமாயிற்று.

மார்க்கோமானியாவின் பணி

ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்திற்குரிய மார்க்கோமானியா, 1914 ஆகஸ்ட் நடுவில் பசிபிக் பெருங்கடலின் பாகன் தீவில் ஜெர்மானியக் கப்பற்படைப் பிரிவிலிருந்து எம்டனுடன் பிரிந்து வந்தது. வழியில் எம்டனின் மாலுமிகளே மூட்டை மூட்டையாக நிலக்கரியை மாற்றினர். செப்டம்பர் 10 அளவில், ஆங்கிலேயருக்காகச் சுமார் 6,500 டன் இந்திய நிலக்கரி ஏற்றிச் சென்ற கிரேக்கக் கப்பலான போன்டோபோரோஸ் பிடிபட்டது. சென்னைத் தாக்குதலுக்குப் பின், செப்டம்பர் 27இல், பிரித்தானியக் கடற்படைக்குரிய சுமார் 6,600 டன் வேல்ஸ் நிலக்கரியுடன் பியூரெஸ்க் கைப்பற்றப்பட்டது. புதிய வழங்கற்கப்பல் வாய்த்ததால், மார்க்கோமானியா தன்னிடம் எஞ்சியிருந்த நிலக்கரியை எம்டனுக்கு அளித்துவிட்டு, போன்டோபோரோஸைச் சந்திக்கச் சுமத்ராவை நோக்கி அனுப்பப்பட்டது. அங்கு அக்டோபர் 12 அன்று பிரித்தானியக் கப்பல் யார்மவுத் அதனை மூழ்கடித்தது, போன்டோபோரோஸையும் மீட்டது. மார்க்கோமானியாவின் போர்க்காலப் பணி இரண்டே மாதங்களில் முடிந்தது.

முடிவுரை

எம்டனின் இறுதியும் நிலக்கரியோடு பிணைந்ததே. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் அது நிலக்கரி ஏற்றுவதற்காகப் பியூரெஸ்க்கை எதிர்பார்த்திருந்தது. தொலைவில் தெரிந்த புகையை அக்கப்பலினுடையது என்றே மாலுமிகள் முதலில் எண்ணினர்; வந்ததோ ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி. எம்டன் வீழ்ந்தது. பியூரெஸ்க்கும் பகைவரிடம் சிக்காதிருக்க அதிலிருந்த ஜெர்மானியர்களாலேயே மூழ்கடிக்கப்பட்டது. ஆதலின், சென்னைத் தாக்குதலைத் தனியொரு கப்பலின் சாகசமாக எழுதுவது முழுமையாகாது. மார்க்கோமானியா போன்ற கப்பல்களின் உழைப்பையும் அவ்வரலாற்றில் சேர்த்தல் வேண்டும்.