கீழே போடும் சீட்டு

விருதுநகர் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி வரும் செய்தி ஒன்று உண்டு. கண்மாய்க் கரையில், வேலமரத்தடியில், பணம் வைத்துச் சீட்டாடிய எட்டுப் பேர் கைது; இத்தனை ரூபாயும் 52 சீட்டுகளும் பறிமுதல். சின்ன வயதில் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம்தான். 52ஐயும் எண்ணிப் பார்த்தா பறிமுதல் செய்தார்கள்?

எங்கள் வீட்டில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மாமா சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங் மிஷினில் இருந்தார். வெட்டும்போது பழுதாகிப்போன சீட்டுத் தாள்கள் வீட்டுக்கு வரும். எங்கள் கட்டில் இரண்டு கிளாவர் ராணிகள் இருப்பார்கள், டைமண்ட் ஏழு இருக்காது. அந்த இடத்தில் தீப்பெட்டி அட்டையை வெட்டிப் பேனாவால் ஏழு என்று எழுதி வைத்திருப்போம். ஏழு யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதையும் மீறி ஆட்டம் நடக்கும்.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தா போய் வந்த கதை சிவகாசியில் எல்லோருக்கும் மனப்பாடம். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்ததும் பட்டாசு லேபிள், காலண்டர், டைரி, லாட்டரிச் சீட்டு என்று ஊரே காகிதத்தில் ஓடியது. 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரியைத் தடை செய்தது. அந்த வருஷத்துக்குக் கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவேன்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். கையில் போனஸ், வெளியே ஐப்பசி மழை. சீட்டாட இதைவிடத் தோதான காலம் கிடையாது. அப்படி ஒரு மழை நாளில்தான் மாமா எனக்கு ரம்மி சொல்லிக் கொடுத்தார். முதல் பாடமே விசித்திரமாக இருந்தது. "ஒங்கையில இருக்கறத அப்பறம் பாக்கலாம் மருமகனே. கீழ என்ன விழுதுன்னு பாரு. அவன் எடுத்தத ஞாபகம் வைக்கிறவன் பாதி ஆட்டக்காரன். எடுக்காம விட்டத ஞாபகம் வைக்கிறவன்தான் முழு ஆட்டக்காரன்."

இரண்டாவது பாடம் ஸ்கூட். சீட்டைப் பிரித்துப் பார்த்ததும் கை மோசமென்றால் ஆட்டத்திலிருந்து விலகிவிடலாம், 20 புள்ளிதான் தண்டம். நடுவில் விலகினால் 40. கடைசிவரை இருந்து தோற்றால் 80 வரை போகும். அதாவது ஒரு முழுத் தோல்வியின் விலையில் நாலு தடவை ஸ்கூட் அடிக்கலாம். எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. 'அடுத்த சீட்டு ஜோக்கராக இருந்தால்?' என்று உட்கார்ந்தே இருப்பேன். அந்தத் தீபாவளி விடுமுறை முழுக்கத் தோற்றேன். பந்தயம் காசு இல்லை, தீக்குச்சிதான். சாத்தூர், சிவகாசிப் பக்கம் அதற்குப் பஞ்சமா?

சூதாட்டத்தைக் கற்றுத் தேறியவன் கதை ஒன்று நம் மரபில் இருக்கிறது, நளன் கதை. நாட்டைத் தோற்றான், மனைவியைக் காட்டில் விட்டான் என்ற பகுதிதான் பள்ளியில் வரும். எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய காட்சி. உருமாறிய நளன் இருதுபன்னனுக்குத் தேரோட்டுகிறான். வழியில் ஒரு தான்றி மரம். மரத்தில் எத்தனை காய், எத்தனை இலை என்று மன்னன் ஓடும் தேரிலிருந்தே சொல்லிவிடுகிறான். நளன் நம்பவில்லை, தேரை நிறுத்தி, இறங்கி எண்ணுகிறான். கணக்கு சரியாக இருக்கிறது. அதற்குப் பிறகுதான் குதிரை வித்தைக்கு ஈடாகச் சூதின் நுட்பத்தை மன்னனிடம் கற்றுக்கொள்கிறான், கலி அவனை விட்டு நீங்குகிறான்.

தான்றி மரம் அங்கே சும்மா நிற்கவில்லை. பழங்காலத்தில் தான்றிக் காயைத்தான் சூதாடு காயாகப் பயன்படுத்தினார்கள். நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயன் ஹாக்கிங், 1975இல் வந்த தன் நூலில் இந்தக் காட்சியை எடுத்துப் பேசுகிறார். கொஞ்சத்தை எண்ணி மொத்தத்தை ஊகிக்கும் கலையும் சூதாட்டமும் ஒரே இடத்தில் சந்திக்கும் மிகப் பழைய பதிவு இது. நளன் கற்றது அதிர்ஷ்டத்தை வரவழைக்கும் மந்திரம் அல்ல, எண்ணிக்கை. திருக்குறளில் சூதுக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆனால் வள்ளுவர் 'நன்றாக ஆடத் தெரிந்தவன்' என்ற ஆளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவருக்கு வெற்றியே தூண்டில்தான்.

வள்ளுவர் விட்ட அந்த ஆள் 1967இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் வந்து நின்றான். செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்த வழக்கு. ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்யநாராயணா என்று பெயர். மூன்று சீட்டு ஆட்டத்தைப் போல ரம்மி முழுக்க வாய்ப்பை நம்பியதல்ல, விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கீழே போடுவது என்பதில் கணிசமான திறமை வேண்டும் என்றது நீதிமன்றம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா மழை நாளில் சொன்ன அதே பாடம், தீர்ப்பின் மொழியில்.

அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் உண்டு. ஆட்டத்தை நடத்தும் கிளப்போ வீட்டுக்காரரோ பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்பது அதன் சாரம். அடுத்த 50 வருஷம் முதல் வரியை எல்லோரும் ஒப்பித்தார்கள். இரண்டாவது வரி அவ்வளவாகக் காதில் விழவில்லை.

இனி போக்கர். 19ஆம் நூற்றாண்டில் மிசிசிப்பி ஆற்றுப் படகுகளில் பரவிய ஆட்டம். இன்று உலகம் முழுக்க ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டம் வகை பிறந்த ஊர் ராப்ஸ்டவுன் என்று டெக்சாஸ் சட்டமன்றம் 2007இல் அங்கீகரித்தது. ராப்ஸ்டவுன் ஒரு பருத்தி ஊர். அந்த ஊர்ப் பள்ளி விளையாட்டு அணியின் பெயரே 'பருத்தி பறிப்பவர்கள்'. கரிசல் காட்டுக்காரனுக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம்.

ஹோல்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாக, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு. கையில் வரக்கூடிய ஜோடிகள் மொத்தம் 1326. இரண்டும் ஏஸாக வருவது 221இல் ஒரு முறை. புதிதாக ஆட வருகிறவர் செய்யும் முதல் தவறு, வந்த சீட்டையெல்லாம் ஆடிப் பார்ப்பது. தேறிய ஆட்டக்காரர் பெரும்பாலான கைகளைத் தொடக்கத்திலேயே மடித்துவிடுவார். நம்ம ஊர் ஸ்கூட்டேதான், இங்கே பெயர் ஃபோல்டு.

இரண்டாவது தவறு கணக்கு போடாதது. கையிலும் தரையிலுமாக நாலு ஆட்டின் சேர்ந்துவிட்டது, கடைசிச் சீட்டும் ஆட்டின் வந்தால் ஜெயம் என்று வையுங்கள். பார்க்காத சீட்டு 46, அதில் ஆட்டின் 9. ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவான வாய்ப்பு. நடுவில் 200 ரூபாய் இருக்கும்போது எதிராளி 200 வைக்கிறார். இப்போது 400ஐ எடுக்க நீங்கள் 200 போட வேண்டும். கட்டுப்படியாக வேண்டுமென்றால் மூன்றில் ஒரு முறையாவது ஜெயிக்கணும். ஐந்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றில் ஒன்றுக்கு ஆசைப்பட முடியாது. மடி. மடித்த பிறகு ஆட்டின் விழுந்து தொலைக்கும். விழட்டும், முடிவு அப்போதும் சரிதான். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது.

பொய்யாக ஏலம் கூட்டும் பிளஃபைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு, அது முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளும் கலை என்று. சினிமா செய்த வேலை. 1928இல் விளையாட்டுக் கோட்பாட்டின் அடித்தளக் கட்டுரையை எழுதிய ஜான் வான் நியூமன், 1944இல் மார்கென்ஸ்டெர்னுடன் சேர்ந்து வெளியிட்ட நூலில் போக்கருக்குத் தனிப் பகுதியே ஒதுக்கினார். அவருடைய மாதிரியில் பொய் சொல்ல வேண்டியது நடுத்தரமான கையை வைத்துக்கொண்டு அல்ல, ஆக மோசமான கையை வைத்துக்கொண்டு. நடுத்தரக் கைக்குச் சும்மா காட்டினாலே ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறது, அதை ஏன் பொய்யில் வீணாக்க வேண்டும்? பிளஃப் அவருக்குத் துணிச்சல் அல்ல, ஒரு விகிதம்.

என் தொழில்காரர்கள் இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போனார்கள். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்கில் லிப்ரேடஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் தோற்கடித்தது. இந்த வகை நிரல்கள் கற்கும் முறையின் மையச் சொல்லே 'வருத்தம்' என்பதுதான். ஒவ்வொரு முடிவிலும், வேறு மாதிரி ஆடியிருந்தால் எவ்வளவு கூடக் கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டு அதைச் சேர்த்துக்கொண்டே போகும். தன்னோடு தானே கோடிக்கணக்கில் ஆடி, வருத்தம் குறையும் திசையில் நகரும். மனிதர்கள் வருத்தப்படுவதோடு நிறுத்திக்கொள்கிறோம், அதை எழுதி வைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை. புதிதாக ஆடுகிறவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தோற்ற கையை மட்டுமல்ல ஜெயித்த கையையும் மறுநாள் பகலில் எடுத்துப் பார்த்தால் போதும், பாதி தூரம் வந்துவிடலாம்.

இப்போது 2003. தமிழ்நாட்டில் லாட்டரி நின்ற அதே வருஷம், அமெரிக்காவில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றார். இணையத்தில் 100 டாலருக்கும் குறைவான கட்டணத்தில் தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்தவர். பரிசு 25 லட்சம் டாலர். பெயரைப் பார்த்தால் கட்டுக்கதை போல இருக்கும், நிஜம். அந்த வருஷம் அப்போட்டியில் ஆடியவர்கள் 839 பேர், 2006இல் 8,773 பேர். அவரால் முடியும்போது நம்மால் முடியாதா என்று வந்த கூட்டம் அது. லாட்டரி வாங்கியவனுக்குத் தான் அதிர்ஷ்டத்தை நம்புகிறோம் என்றாவது தெரியும். இவர்களிடம் 'இது திறமை' என்று சொல்லப்பட்டது, அதுவும் உண்மை. யாருடைய திறமை என்பதுதான் கேள்வி.

அந்த அலை செல்போன் வழியாக எங்கள் பக்கம் வந்தபோது என் கூடப் படித்த நண்பன் மாட்டிக்கொண்டான். அவன் நல்ல ரம்மி ஆட்டக்காரன், என்னை விட. ஒரு வருஷத்தில் நாலு லட்சம் போனது. வீட்டுக்குத் தெரியாமல் ஏலச்சீட்டு எடுத்து அடைத்தான். சீட்டில் போனது சீட்டாலேயே அடைந்தது என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனிடம் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். இரண்டு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகிறார்கள். நடத்துகிறவர் நூற்றுக்குப் பத்து எடுக்கிறார் என்று வை. ஜெயித்தவனுக்கு 180 கிடைக்கும், லாபம் 80. தோற்றவனுக்கு நஷ்டம் 100. கையைக் கடிக்காமல் இருக்கவே நூறில் 56 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். சரிக்குச் சரியான இரண்டு ஆட்டக்காரர்கள் நாள் முழுக்க ஆடினால் இரண்டு பேர் பணமும் மெல்ல மெல்ல மேசைக்காரருக்குப் போய்ச் சேரும். அவன் ரொம்ப நேரம் தாளையே பார்த்தான். "நான் நல்லாத்தானே மாப்ள ஆடுனேன்" என்றான். ஆமாம், நன்றாகத்தான் ஆடினான்.

சட்டம் இதற்குள் சுற்றிச் சுற்றி வந்தது. 2021இல் தமிழக அரசு பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது, ஆகஸ்ட் மாதம் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022இல் நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கை, அவசரச் சட்டம், மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் சட்டமானது. அதன் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் வாய்ப்பு விளையாட்டுகளாகச் சேர்க்கப்பட்டிருந்தன. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, அந்த இரண்டையும் அட்டவணையில் சேர்த்தது செல்லாது என்றது. 2025இல் இரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று மாநில விதிமுறை வந்தது. ஜூனில் உயர் நீதிமன்றம் அதற்கு இசைந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமையா வாய்ப்பா என்ற கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும் தடை என்று சட்டம் போட்டது.

எனக்கு அந்த இரவு நேரத் தடைதான் சுவாரசியமாகப் பட்டது. சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவருக்கு ஆட்டம் தெரிந்திருக்கிறது. திறமை இரவு 12 மணிக்கு மேல் தூங்கப் போய்விடும், ஆசை மட்டும் விழித்திருக்கும்.

போன தீபாவளிக்கு அடுத்த வாரம் ஊரில் இருந்தேன். மழை. நண்பன் வந்தான், போனில் அந்தச் செயலி இல்லை. மாமாவுக்கு இப்போது 71 வயது, கண்புரை அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் இருந்தார். ஹோல்டம் கற்றுக் கொடுங்கடா என்று அவர்தான் கேட்டார். ஆளுக்கு 50 தீக்குச்சி. விதிகளைச் சொல்லி முடிக்க கால் மணி நேரம் ஆனது. பிறகு மாமா தொடர்ந்து 11 கை மடித்தார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் கடைசியில் காட்டிய சீட்டுகளைக் கண்ணாடியைத் தூக்கிக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"ஆடுங்க மாமா, குச்சிதானே" என்றான் நண்பன்.

"நீ ஆடு. நான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

பன்னிரண்டாவது கையில் அவர் முதன்முறையாகக் குச்சியை நடுவில் தள்ளினார். நண்பன் தன் இரண்டு சீட்டையும் ஒருமுறை பார்த்தான், மாமாவைப் பார்த்தான், சீட்டைக் கவிழ்த்துக் கீழே போட்டான்.