ஒரே சட்டம், இரு வேறு தேர்தல்கள்: அமெரிக்க ஆளுநர் பதவிக்கால வரம்பின் வரலாறு

அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் என்பவர் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர். இந்தியாவில் முதலமைச்சரிடம் இருக்கும் பொறுப்புகளில் பெரும்பகுதி அங்கே ஆளுநரிடம் இருக்கிறது. துணை ஆளுநர், அட்டர்னி ஜெனரல், மாநிலச் செயலர், கருவூலத் தலைவர் ஆகிய பதவிகளுக்கும் பல மாநிலங்களில் தனித்தனியே தேர்தல் நடக்கிறது. இந்தப் பதவிகளில் ஒருவர் எத்தனை முறை இருக்கலாம் என்று சட்டம் வகுக்கும் எல்லையே பதவிக்கால வரம்பு. ஐம்பது மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவை ஆளுநருக்கு ஏதாவது ஒரு வரம்பை வைத்திருக்கின்றன. ஆனால் வரம்பு தேர்தலை எப்படி மாற்றுகிறது என்பதற்கு எல்லா மாநிலத்துக்கும் பொதுவான ஒரே விடை இல்லை. யாருக்கு வாக்குரிமை இருந்தது, எத்தனை கட்சிகள் மோதின என்பதைப் பொறுத்து அது காலந்தோறும் மாறியிருக்கிறது.

வரம்பின் தொடக்கம் 1776. பிரிட்டிஷ் மன்னர் அனுப்பிய ஆளுநர்களிடம் பட்ட அனுபவம் குடியேற்றங்களின் நினைவில் பசுமையாக இருந்தது. சுதந்திரம் அறிவித்த கையோடு எழுதிய அரசமைப்புகளில் ஆளுநரின் கையைக் கட்டிப்போடுவதில் அவை அக்கறை காட்டின. வர்ஜீனியாவில் சட்டமன்றம் ஆண்டுதோறும் ஆளுநரைத் தேர்ந்தெடுத்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இருந்தவர் அடுத்த நான்கு ஆண்டுகள் அந்தப் பதவிக்கு வர முடியாது. மேரிலாந்தும் ஏறக்குறைய இதே விதியை எழுதியது. வட கரோலினாவில் ஆறு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் ஆள முடியாது. பதவியில் இருந்தவர் குடிமக்களோடு குடிமகனாகத் திரும்பிவந்து, தாம் இயற்றிய சட்டத்துக்குத் தாமே கட்டுப்பட்டு வாழ வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. பதவிச் சுழற்சி என்று அதை அழைத்தார்கள்.

எல்லா மாநிலங்களும் இந்த வழியில் போகவில்லை. நியூயார்க் 1777இல் எழுதிய அரசமைப்பில் ஆளுநருக்கு மூன்று ஆண்டுப் பதவிக்காலம் கொடுத்தது, மறுபடி நிற்பதற்குத் தடை விதிக்கவில்லை. அதன் முதல் ஆளுநர் ஜார்ஜ் கிளின்டன் 1777 முதல் 1795 வரையும், பிறகு 1801 முதல் 1804 வரையும் பதவியில் இருந்தார். மக்கள் விரும்பும்வரை ஒருவர் ஆளலாம் என்பது ஒரு மரபு. மக்கள் விரும்பினாலும் ஒரு கட்டத்தில் விலக வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் குடியரசின் பிறப்பிலேயே பக்கத்தில் பக்கத்தில் தோன்றி, இன்றுவரை தொடர்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சட்டமன்றங்களின் கையிலிருந்து வாக்காளர் கைக்கு வந்தது. வர்ஜீனியாவில் அது 1851இல் நடந்தது. நான்கு ஆண்டுப் பதவிக்காலம், உடனே மறுபடி நிற்கத் தடை என்ற ஏற்பாடும் அப்போது வந்ததுதான். தெற்கு மாநிலங்கள் பலவற்றில் இதே போன்ற தடை வேரூன்றியது. ஆளுநரை வலுவற்றவராக வைத்திருப்பது சட்டமன்றத்துக்கும் கட்சித் தலைமைக்கும் வசதியாக இருந்தது.

அந்த வசதி எப்படி வேலை செய்தது என்பதை வர்ஜீனியாவில் தெளிவாகப் பார்க்கலாம். 1926 முதல் 1930 வரை ஆளுநராக இருந்த ஹாரி பேர்ட், பதவி முடிந்ததும் அரசியலிலிருந்து விலகவில்லை. வாஷிங்டனில் செனட்டராக அமர்ந்துகொண்டே மாநில ஜனநாயகக் கட்சியைத் தம் பிடியில் வைத்திருந்தார். 1902 அரசமைப்பு கொண்டுவந்த வாக்கு வரி கறுப்பினத்தவரையும் ஏழை வெள்ளையரையும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தியிருந்தது. குடியரசுக் கட்சிக்கு மாநிலம் தழுவிய வெற்றி எட்டாக்கனி. ஆகவே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவானதுமே ஆளுநர் யார் என்பதும் முடிவாகிவிடும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறினார், அதிகாரம் மாறவில்லை. எந்த ஆளுநருக்கும் தமக்கென்று ஒரு செல்வாக்கை வளர்த்துக்கொண்டு தலைமையை எதிர்க்க நேரம் கிடைக்காதபடி வரம்பே பார்த்துக்கொண்டது.

வரம்பைத் தாண்டிச் செல்ல மனிதர்கள் கண்ட வழிகளில் மிகவும் பேசப்பட்டது அலபாமாவில் நடந்தது. 1962இல் வென்ற ஜார்ஜ் வாலஸ், இனப் பிரிவினையைத் தீவிரமாக ஆதரித்தவர். அடுத்தடுத்து இருமுறை ஆள அரசமைப்பு இடம் தரவில்லை. 1965இல் அதைத் திருத்த அவர் எடுத்த முயற்சி மாநில செனட்டில் தோற்றது. உடனே அவர் தம் மனைவி லர்லீன் வாலஸை வேட்பாளராக்கினார். 1966 ஜனவரியில்தான் லர்லீனுக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஆட்சியை நடத்தப்போவது கணவரே என்பதை இருவரும் பிரசாரத்தில் மறைக்கவில்லை. கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் இரண்டு முன்னாள் ஆளுநர்கள் உட்பட எல்லாப் போட்டியாளர்களையும் முதல் சுற்றிலேயே தோற்கடித்து, நவம்பரிலும் வென்று, 1967 ஜனவரியில் லர்லீன் பதவியேற்றார். 1968 மே 7 அன்று, 41 வயதில், பதவியில் இருக்கும்போதே இறந்தார்.

துணை ஆளுநர் ஆல்பர்ட் புரூவர் ஆளுநரானார். அதே 1968இல் அலபாமா அரசமைப்பு திருத்தப்பட்டு, அடுத்தடுத்து இரண்டு முறை ஆள வழி பிறந்தது. 1970இல் முதற்கட்டத் தேர்தலின் முதல் சுற்றில் புரூவர் முந்தினார், இரண்டாம் சுற்றில் வாலஸ் வென்றார். 1974இலும் வென்று, வரம்பின்படி 1979இல் விலகி, 1982இல் நான்காம் முறையாக ஆளுநரானார். ஒரு மனிதரின் செல்வாக்கைச் சட்டத்தின் ஒரு வரியால் அணைபோட்டுத் தடுத்துவிட முடியாது என்பதற்கு அலபாமாவின் இந்த இருபது ஆண்டுகளே சாட்சி.

அலபாமா மட்டுமல்ல, தெற்கு மாநிலங்கள் பலவும் அக்காலத்தில் ஒருமுறைத் தடையைத் தளர்த்தின. சாலை, பள்ளி, மருத்துவ உதவி என்று மாநில அரசின் வேலை பெருகியது. நான்கே ஆண்டுகளில் எந்தத் திட்டத்தையும் முடிக்க முடியாது என்ற வாதம் வலுத்தது. 1951இல் நடைமுறைக்கு வந்த 22ஆம் அரசமைப்புத் திருத்தம் நாட்டின் அதிபர் இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்று வரையறுத்திருந்தது. அந்த இரண்டு முறை என்ற அளவையே மாநிலங்களும் பின்பற்றின. லூசியானா 1966இலும், ஜார்ஜியா 1976இலும், வட கரோலினா 1977இலும் திருத்தின. டென்னசி, தென் கரோலினா, மிசிசிப்பி தொடர்ந்தன. கென்டகி 1992இல் திருத்தியது. அதன் பலனை முதலில் பெற்றவர் பால் பாட்டன், 1995இலும் 1999இலும் வென்றார். மறுபடி நிற்கும் உரிமை கிடைத்தவர்கள் எல்லோரும் வெல்லவில்லை. மிசிசிப்பியில் ரே மேபஸ் 1991இல் இரண்டாம் முறை நின்று கர்க் ஃபோர்டிஸிடம் தோற்றார்.

வரம்பு எழுதப்படும் விதமும் முக்கியம். சில மாநிலங்களில் தடை தொடர்ச்சிக்கு மட்டுமே. ஒரு தவணை வெளியே இருந்தால் மறுபடி நிற்கலாம். ஒஹாயோவின் ஜேம்ஸ் ரோட்ஸ் எட்டு ஆண்டுகள் ஆண்டு, 1971இல் விலகி, 1974இல் மீண்டும் வென்று இன்னும் எட்டு ஆண்டுகள் ஆண்டார். லூசியானாவின் எட்வின் எட்வர்ட்ஸ் இப்படி விட்டுவிட்டு நான்கு முறை ஆளுநரானார். வேறு சில மாநிலங்களில் தடை வாழ்நாள் முழுமைக்கும். கலிஃபோர்னியா வாக்காளர்கள் 1990இலும் மிச்சிகன் வாக்காளர்கள் 1992இலும் இப்படி முடிவு செய்தார்கள். கலிஃபோர்னியாவின் வரம்பு முந்தைய பதவிக்காலங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் 1975 முதல் 1983 வரை ஆண்ட ஜெர்ரி பிரவுனால் 2010இலும் 2014இலும் மறுபடி வெல்ல முடிந்தது.

வரம்பு தேர்தலுக்குச் செய்யும் முதல் மாற்றம், பதவியில் இருப்பவரைப் போட்டியிலிருந்து எடுத்துவிடுவது. பதவியில் இருப்பவருக்கு அறிமுகமான பெயரும் நிதி திரட்டும் பலமும் உண்டு. அவர் நின்றால் சொந்தக் கட்சியில் யாரும் எளிதில் எதிர்ப்பதில்லை, எதிர்க்கட்சியிலும் வலுவானவர்கள் தயங்குவார்கள். அவர் இல்லாதபோது இரு கட்சிகளிலும் முதற்கட்டத் தேர்தலே பெரும் போராட்டமாகிறது. ஆட்சி கைமாறும் வாய்ப்பும் கூடுகிறது. 2010இல் வரம்பால் ஆளுநர்கள் விலகிய மிச்சிகன், பென்சில்வேனியா, டென்னசி, ஓக்லஹோமா, நியூ மெக்சிகோ, மேய்ன் ஆகியவற்றை ஜனநாயகக் கட்சி இழந்தது. கலிஃபோர்னியாவையும் ஹவாயையும் அதே முறையில் குடியரசுக் கட்சி இழந்தது. 2018இல் மிச்சிகன், நியூ மெக்சிகோ, மேய்ன் மூன்றும் மறுபடி கை மாறின. அந்த முறையும் ஆளுநர்கள் வரம்பால் விலகியிருந்தார்கள்.

இரண்டாம் மாற்றம் மற்றப் பதவிகளில் தெரிகிறது. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனி வரம்பு இருந்தால், அரசியல்வாதிகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்கிறார்கள். கலிஃபோர்னியாவில் பில் லாக்யர் அட்டர்னி ஜெனரலாக எட்டு ஆண்டுகள் இருந்து, கருவூலத் தலைவராக இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தார். கணக்குக் கட்டுப்பாட்டாளராக எட்டு ஆண்டுகள் இருந்த ஜான் சியாங், லாக்யர் விட்ட கருவூலப் பதவிக்கு வந்து, 2018இல் ஆளுநர் பதவிக்கு நின்றார். அவரை முந்தி வென்ற கேவின் நியூசம், துணை ஆளுநராக எட்டு ஆண்டுகள் இருந்தவர். வரம்பு புதியவர்களை உள்ளே கொண்டுவரும் என்ற எதிர்பார்ப்பு இந்த இடத்தில் பாதிதான் நிறைவேறியது.

மூன்றாவது, பொறுப்புணர்வு பற்றிய கேள்வி. மறுபடி வாக்குக் கேட்க வேண்டாத ஆளுநர் எப்படி நடந்துகொள்வார்? பொருளியலாளர்கள் டிமோத்தி பெஸ்லியும் ஆன் கேஸும் 1995இல் வெளியிட்ட ஆய்வில் 1950 முதல் 1986 வரையிலான மாநிலக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். வரம்பை எட்டிய ஆளுநர்களின் வரி, செலவுக் கொள்கைகள் மற்றவர்களிடமிருந்து வேறுபடுவதையும், அந்த வேறுபாடு ஜனநாயகக் கட்சி ஆளுநர்களிடம் கூடுதலாக இருப்பதையும் கண்டார்கள். தேர்தல் பயம் ஆட்சியாளரைக் கட்டுப்படுத்துகிறது என்ற பழைய கருத்துக்கு இது எண்களால் ஆன ஆதாரம்.

வரம்பு இல்லாத மாநிலங்களிலும் ஆட்சி மாறாமல் இல்லை. அயோவாவில் டெர்ரி பிரான்ஸ்டாட் இரு கட்டங்களாக 22 ஆண்டுகளுக்கும் மேல் ஆண்டார். டெக்சாசில் ரிக் பெரி 2000 முதல் 2015 வரை இருந்தார். ஆனால் நியூயார்க்கில் மரியோ குவோமோ நான்காம் முறை கேட்டபோது 1994இல் வாக்காளர்கள் மறுத்தார்கள். விஸ்கான்சினில் ஸ்காட் வாக்கர் மூன்றாம் முறை கேட்டு 2018இல் தோற்றார்.

வர்ஜீனியாவின் பிற்கால வரலாறு இந்த விவாதத்துக்கு நல்ல விளக்கம். ஆளுநர் உடனே மறுபடி நிற்கத் தடை இன்று அங்கே மட்டும்தான் இருக்கிறது. மாநிலத் தேர்தல்களில் வாக்கு வரி செல்லாது என்று 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்பின வாக்காளர்கள் பெருகினார்கள். 1969இல் லின்வுட் ஹோல்டன் வென்றபோது குடியரசுக் கட்சி இருபதாம் நூற்றாண்டில் முதன்முறையாக அங்கே ஆளுநர் பதவியைப் பிடித்தது. 1989இல் டக்ளஸ் வைல்டர் வென்று, அமெரிக்காவில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின ஆளுநரானார். வைல்டர் அதற்கு முன் துணை ஆளுநர். அந்தப் பதவிக்கும் அட்டர்னி ஜெனரல் பதவிக்கும் வரம்பு இல்லாததால், அவை இரண்டும் ஆளுநர் பதவிக்குப் படிக்கட்டாகிவிட்டன. பதவியில் இருப்பவர் நிற்காததால், வாக்காளர்கள் அதிபர் மீதான தங்கள் தீர்ப்பை ஆளுநர் தேர்தலில் காட்டுகிறார்கள். 1977 முதல் 2025 வரை நடந்த 13 தேர்தல்களில், அதிபரின் கட்சி வென்றது 2013இல் மட்டுமே.

1851இல் வந்த தடை இன்றும் அப்படியே இருக்கிறது. அதே தடையின் கீழ் ஒரு காலத்தில் ஒரு குழு தன் வாரிசுகளை வரிசையாக அமர்த்தியது, இன்னொரு காலத்தில் நாட்டிலேயே கடுமையான போட்டிகள் நடக்கின்றன. பதவிக்கால வரம்பு ஒரு மனிதரின் ஆட்சிக்கு முடிவு தேதி குறிக்கும், அவ்வளவே. அடுத்து வருபவரை உண்மையில் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டுமானால், எல்லோருக்கும் வாக்குரிமையும் ஒன்றுக்கு மேற்பட்ட வலுவான கட்சிகளும் இருந்தாக வேண்டும்.