மாண்ட்ரியல் எப்போது தோற்றது?

கனடான்னு சொன்னதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் ஊர் டொராண்டோ. ஆனால் 1950-ல் லண்டனிலோ நியூயார்க்கிலோ போய் "கனடாவின் முதல் நகரம் எது?" என்று கேட்டிருந்தால் பதில் மாண்ட்ரியல் என்றுதான் வந்திருக்கும். மக்கள்தொகை, வங்கி, ரயில், துறைமுகம், இரவு வாழ்க்கை என்று எதை எடுத்தாலும் மாண்ட்ரியல்தான் முன்னால் நின்றது. டொராண்டோவோ ஞாயிற்றுக்கிழமையானால் கடையைச் சாத்திவிட்டு சர்ச்சுக்குப் போகிற சலிப்பான ஊர் என்று பெயர் வாங்கியிருந்தது. 1950 வரை அங்கே ஞாயிறன்று டிக்கெட் போட்டு விளையாட்டுப் போட்டி நடத்தக்கூட அனுமதி கிடையாது.

இந்த இரண்டு ஊர்களும் எப்படி இடம் மாறின? பலரும் சொல்லும் பதில் ரொம்பச் சுருக்கமானது. 1976 நவம்பரில் கியூபெக் மாகாணத்தில் ரெனே லெவெக்கின் பிரிவினைக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 1977-ல் 101-வது சட்டம் வந்து, வேலையிடத்திலும் பெயர்ப்பலகையிலும் பிரெஞ்சு கட்டாயமானது. ஆங்கிலக் கம்பெனிகள் மூட்டை கட்டிக்கொண்டு டொராண்டோ போயின. கதை முடிஞ்சது.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி விளக்கம் பழக்கம்தான். சர்வர் விழுந்தால், கடைசியாக யார் கோடைத் தொட்டார்களோ அவர்கள் தலையில்தான் முதல் பழி விழும். லாகைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனால் கோளாறு எப்போதோ ஆரம்பித்திருக்கும். மாண்ட்ரியல் விஷயத்திலும் அப்படிப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

மேலே வந்தது எப்படி

மாண்ட்ரியலின் அதிர்ஷ்டம் ஒரு தடை. செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் கடலிலிருந்து வரும் கப்பல் லஷீன் என்ற இடத்து நீர்ச்சுழல்களைத் தாண்ட முடியாது. சரக்கை அங்கேயே இறக்கி ஏற்ற வேண்டும். சரக்கு கைமாறும் இடத்தில் கிடங்கு வரும், கிடங்கு இருந்தால் வியாபாரி வருவார், அவர் பின்னாலேயே வங்கி வரும். மென்மயிர்த் தோல் வணிகத்தில் ஆரம்பித்தது இது. 1817-ல் கனடாவின் முதல் வங்கியான பேங்க் ஆஃப் மாண்ட்ரியல் அங்கே தொடங்கியது. 1825-ல் லஷீன் கால்வாய் திறந்தது, அதன் கரையோரம் ஆலைகள் வந்தன. நாட்டின் இரண்டு கடற்கரைகளையும் இணைத்த கனடியன் பசிபிக் ரயில்வேக்கும் தலைமையகம் மாண்ட்ரியல்தான்.

அந்த உச்சத்துக்கு அடையாளமாக ஒரு கட்டடத்தைச் சொல்லலாம்: 1931-ல் முடிக்கப்பட்ட சன் லைஃப் காப்பீட்டுக் கம்பெனியின் தலைமையகம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே பரப்பளவில் பெரிய கட்டடம் என்று அப்போது பெயர். 1940-ல் ஹிட்லர் படையெடுத்து வந்துவிடுவாரோ என்ற பயத்தில் பிரிட்டன் தன் முதலீட்டுப் பத்திரங்களை ரகசியமாகக் கப்பலில் அனுப்பி, இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில்தான் பூட்டி வைத்தது. மேலே வேலை பார்த்தவர்களுக்கே விஷயம் தெரியாதாம்.

விரிசல் எப்போது?

சன் லைஃப் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோதே விரிசல் விழ ஆரம்பித்துவிட்டது. மாண்ட்ரியலின் பணம் லண்டனிலிருந்து வந்த பணம். முதல் உலகப் போர் லண்டனின் கஜானாவைக் காலி செய்தது. 1920-களில் கனடாவில் பிரிட்டிஷ் முதலீட்டை அமெரிக்க முதலீடு முந்தியது. அமெரிக்கக் கம்பெனிகள் இறக்குமதி வரியைத் தவிர்க்க எல்லைக்கு இந்தப் பக்கம் கிளைத் தொழிற்சாலை போட்டபோது, டெட்ராய்ட்டுக்கும் பஃபலோவுக்கும் பக்கத்திலிருந்த தெற்கு ஒன்டாரியோதான் வசதி. ஃபோர்ட் 1904-லேயே வின்ட்சருக்கு வந்துவிட்டது. இந்த வட்டாரத்துக்கெல்லாம் வங்கியும் வக்கீலும் விளம்பரக் கம்பெனியும் டொராண்டோவில் இருந்தார்கள்.

இன்னொரு காரணம் சுரங்கம். 1903-ல் வடக்கு ஒன்டாரியோவின் கோபால்ட்டில் வெள்ளி கிடைத்தது, 1909-ல் பார்க்குபைன் பகுதியில் தங்கம். மாண்ட்ரியலின் கனவான்களுக்குச் சுரங்கப் பங்கு என்றால் சூதாட்டம் மாதிரி. டொராண்டோ அதற்கென்றே ஒரு சந்தையை வளர்த்தது. 1934-ல் அமெரிக்கா தங்கத்தின் விலையை அவுன்சுக்கு 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தியது. பெருமந்தத்தில் மற்ற தொழிலெல்லாம் படுத்துக் கிடந்தபோது தங்கச் சுரங்கங்கள் மட்டும் கொழித்தன. அதே ஆண்டு டொராண்டோவின் சுரங்கப் பங்குச்சந்தை பிரதான சந்தையோடு இணைந்தது. 1930-களிலேயே பங்கு வர்த்தகத்தில் டொராண்டோ மாண்ட்ரியலை முந்திவிட்டது. மொழிச் சட்டத்துக்கு நாற்பது வருஷம் முன்னால்!

பிறகு 1959-ல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்தது. எந்தத் தடை மாண்ட்ரியலை உண்டாக்கியதோ, அந்தத் தடையே போய்விட்டது. கடல் கப்பல் நிற்காமல் நேரே டொராண்டோவுக்கும் சிகாகோவுக்கும் போக முடிந்தது.

ஆனால் வெளியே பார்த்தால் 1960-கள்தான் மாண்ட்ரியலின் பொற்காலம் போலிருக்கும். 1966-ல் மெட்ரோ, 1967-ல் 5 கோடிப் பேர் வந்துபோன உலகக் கண்காட்சி, 1976-ல் ஒலிம்பிக்ஸ். அந்த ஒலிம்பிக் மைதானத்தின் கடனை அடைத்து முடித்தது 2006-ல்! 1975-ல் திறந்த பிரம்மாண்டமான மிராபெல் விமான நிலையத்துக்கு எதிர்பார்த்த கூட்டம் வரவே இல்லை, 2004-ல் பயணிகள் சேவை நின்றது. வளர்ச்சி தொடரும் என்ற நம்பிக்கையில் கட்டியவை இவை. வளர்ச்சியோ ஏற்கெனவே வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

மக்கள்தொகைக் கணக்கும் இதையே சொல்கிறது. புறநகர்களையும் சேர்த்து 1971-ல் மாண்ட்ரியல் 27.4 லட்சம், டொராண்டோ 26.3 லட்சம். 1976 ஜூன் கணக்கெடுப்பில் இரண்டும் கிட்டத்தட்ட சமம், 28 லட்சம். கவனிங்க, லெவெக் ஜெயித்தது அந்த வருஷம் நவம்பரில். அதற்கு முன்பே பந்தயம் சமநிலைக்கு வந்துவிட்டது. 1981-ல் டொராண்டோ 30 லட்சம், மாண்ட்ரியல் 28.3 லட்சம்.

அதற்காக மொழிச் சட்டத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. 1978 ஜனவரியில் சன் லைஃப் கம்பெனியே, மொழிச் சட்டத்தைக் காரணம் காட்டி, தலைமையகத்தை டொராண்டோவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. பேங்க் ஆஃப் மாண்ட்ரியலுக்கு இன்றும் சட்டப்படி தலைமையகம் மாண்ட்ரியல், நிர்வாகம் நடப்பது டொராண்டோவில். ஆங்கிலம் பேசுபவர்கள் பெரும் எண்ணிக்கையில் வெளியேறினார்கள். மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததை 1976 வேகப்படுத்தியது, அவ்வளவுதான்.

யாருடைய நகரம்?

இதைப் படிக்கும்போது என்னை நிறுத்திய தகவல் ஒன்று உண்டு. 1960-களில் மத்திய அரசு இருமொழிக் கொள்கைக்காக ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. கியூபெக்கில் ஆண்களின் சராசரி வருமானத்தை வம்சாவளி வாரியாக, 1961 கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தார்கள். 14 பிரிவுகளில் பிரெஞ்சு வம்சாவளியினர் 12-வது இடம். சொந்த மாகாணத்தில், பெரும்பான்மையாக இருந்துகொண்டு! 1962-ல் மாண்ட்ரியலில் தலைமையகம் வைத்திருந்த அரசு ரயில்வே கம்பெனியில் 17 துணைத் தலைவர்கள், ஒருவர்கூட பிரெஞ்சு கனடியர் இல்லை. நாடாளுமன்றக் குழு கேட்டபோது, தகுதி பார்த்துத்தான் பதவி என்கிற மாதிரி அதன் தலைவர் பதில் சொல்ல, மாணவர்கள் தெருவில் இறங்கிக் கொடும்பாவி எரித்தார்கள்.

அப்படியானால் 'மாண்ட்ரியல் கனடாவின் முதல் நகரமாக இருந்தது' என்ற வாக்கியத்தில் அந்த நகரம் யாருடையது? மவுன்ட் ராயல் மலைச்சரிவில் மாளிகை கட்டியவர்களுக்கு அது முதல் நகரம். கீழே கால்வாய் ஓரம் ஆலையில் வேலை செய்த குடும்பத்துக்கு, மேலே போக வேண்டுமென்றால் தன் மொழியை வாசலில் கழற்றி வைக்கச் சொன்ன நகரம். 1977-க்குப் பிறகு நகரம் சிறுத்தது. ஆனால் பிரெஞ்சு பேசுபவருக்கும் ஆங்கிலம் பேசுபவருக்கும் இருந்த வருமான இடைவெளியும் அதே தலைமுறையில் பெருமளவு சுருங்கியது. எந்தக் கணக்கை எடுத்துக்கொள்வது என்பது எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. மொழிக்காகத் தெருவில் இறங்கிய மாநிலத்திலிருந்து படிக்கும் நமக்கு இது புரியாத விஷயமில்லை.

இன்றைய நிலை

2021 கணக்கெடுப்பில் டொராண்டோ 62 லட்சம், மாண்ட்ரியல் 42.9 லட்சம். ஐந்து பெரிய வங்கிகளும் டொராண்டோவிலிருந்தே நடக்கின்றன. 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்களில் மாண்ட்ரியலில் இருப்பவர்களும் உண்டு, ஆனால் பெருவாரியானவர்கள் சேர்ந்தது டொராண்டோ பக்கம்தான். வேலை எங்கே வளர்கிறதோ அங்கேதான் அகதியும் போய்ச் சேர்கிறார்.

ஆனால் வாழ ஏற்ற ஊர் எது என்று கேட்டால் பதில் மாறிவிடுகிறது. டொராண்டோவில் சாதாரணச் சம்பளக்காரர் வீடு வாங்குவது கனவு. மாண்ட்ரியலில் இன்னும் வாடகை குறைவு, 1997-லிருந்து மலிவான குழந்தைக் காப்பகத் திட்டமும் இருக்கிறது. வீடியோ கேம் கம்பெனிகளும் செயற்கை நுண்ணறிவு ஆய்வும் அங்கே வேர் பிடித்ததற்கு அரசு மானியத்தோடு இதுவும் ஒரு காரணம். 2018-க்கான டூரிங் விருதைப் பகிர்ந்த மூவரில் ஜெஃப்ரி ஹின்டன் டொராண்டோ, யோஷுவா பெஞ்சியோ மாண்ட்ரியல்.

தலைமையகங்களையெல்லாம் பறிகொடுத்ததால்தான் மாண்ட்ரியலின் வீடுகள் சாதாரண ஆட்களுக்கு எட்டும் விலையில் தங்கின. முதலிடம் பிடித்த டொராண்டோ அதற்கான விலையை மாதா மாதம் வாடகையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் "மாண்ட்ரியல் எப்போது தோற்றது?" என்று யாராவது கேட்டால், 1930-கள் என்று சொல்லிவிட்டு, "யாருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.