கேளிக்கைப் பூங்காக்களும் கிந்தா மண்ணின் கதையும்



பரிசளிப்பு விழா மலர் என்றால் திருக்குறள் விளக்கம் இருக்கும், தமிழ்ச் சான்றோர் வரலாறு இருக்கும். கேளிக்கைப் பூங்காவுக்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பள்ளி விடுமுறை பிறந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி என்ன? "அப்பா, இந்த லீவுக்கு எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்பதுதானே! ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு நுழைவுச்சீட்டு, சாப்பாடு, பெட்ரோல் என்று கணக்குப் பார்த்து, மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கிறோம். இவ்வளவு பணமும் ஆசையும் போய்ச் சேரும் இடத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது அல்லவா?

உலகெங்கும் இந்தப் பூங்காக்கள் மேல் தீராத பற்றுக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூடினால் பேசுவது மூன்று செய்திகள். புதிதாக என்ன வந்திருக்கிறது? பூங்கா எந்தக் கதையைச் சொல்கிறது? நிர்வாகம் எப்படி நடக்கிறது? நம் பேராக் மாநிலத்துப் பூங்காக்களை நாமும் இந்த மூன்று கேள்விகளோடு சுற்றி வருவோம்.

தீமிதியும் பன்ஃபேரும்

தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் காலத்தில் கேளிக்கை என்பது மாரியம்மன் திருவிழா. தீமிதி, காவடி, இரவில் கூத்து. அதை விட்டால் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டும் படம். பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் முன்னாலேயே இடம் பிடிப்பார்கள். தைப்பூசம் என்றால் ஈப்போ. புந்தோங்கிலிருந்து கல்லுமலை முருகன் கோயில் வரைக்கும் காவடியும் கூட்டமும். வீடு திரும்பும்போது கையில் ஒரு பொட்டலம் கச்சான் பூத்தே இல்லாமல் வரமாட்டார்கள்.

பட்டணத்துக்காரர்களுக்கு வேறு வகைக் கேளிக்கை இருந்தது. சிங்கப்பூரில் 1923இல் நியூ வேர்ல்ட், 1931இல் கிரேட் வேர்ல்ட், 1937இல் ஹேப்பி வேர்ல்ட் என்று வரிசையாகக் கேளிக்கைப் பூங்காக்கள் தோன்றின. 'வேர்ல்டு' என்றாலே அந்தக் காலத்து மலாயாவில் பொழுதுபோக்குத்தான். நாடகம், பங்சாவான், சினிமா, குத்துச்சண்டை, ரங்க ராட்டினம், வளையம் எறிதல் எல்லாம் ஒரே வேலிக்குள். சினிமாத் தொழிலில் கொடிகட்டிப் பறந்த ஷா சகோதரர்கள் இத்தகைய பூங்காக்களையும் நடத்தினர். ஈப்போ நகரத்துக்கும் ஒன்று கிடைத்தது. அதுதான் ஜூபிலி பார்க். இன்று அந்தப் பூங்கா இல்லை. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்த பிறகு, மாலையில் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே போகும் பழக்கம் மெல்லக் குறைந்தது. மலாயாவின் பழைய கேளிக்கைப் பூங்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கை அணைத்தன.

இந்தப் பூங்காக்களில் எல்லாம் இருந்தன. கதை மட்டும் இல்லை. ராட்டினம் ராட்டினமாகவே சுற்றியது.

ஆரஞ்சுத் தோப்பில் ஒரு புதுமை

ராட்டினத்துக்குக் கதை கொடுத்தவர் வால்ட் டிஸ்னி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனகைம் என்னும் ஊரில், 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கி, மரங்களை அகற்றி, டிஸ்னிலேண்டைக் கட்டினார். 1955 ஜூலை 17ஆம் நாள் அது திறக்கப்பட்டது. உள்ளே போனால் ஒரு பக்கம் பழங்காலத் தெரு, ஒரு பக்கம் அடர்ந்த காடு, இன்னொரு பக்கம் வருங்கால உலகம். குப்பைத் தொட்டி முதல் பணியாளர் உடுப்பு வரை எல்லாம் அந்தந்தக் கதைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். தீம் பார்க் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். கதை என்ற நூலில் கோத்த கேளிக்கை மாலை.

முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? கள்ளச் சீட்டில் ஆயிரக்கணக்கானோர் உள்ளே புகுந்துவிட்டனர். குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பல வறண்டு கிடந்தன. புதிதாகப் போட்ட தார் வெயிலில் உருகிப் பெண்களின் செருப்பைப் பிடித்துக்கொண்டது. ஆனால் நிர்வாகம் சோர்ந்து உட்காரவில்லை. குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தது. ஆண்டுதோறும் புதிதாக ஏதாவது சேர்த்துக்கொண்டே போனது. திறப்பு விழா சீர்கெட்ட அந்த இடம் இன்றும் நடக்கிறது என்றால் காரணம் அந்தப் பிந்தைய உழைப்புத்தான்.

ஈயக்குட்டை பூங்காவான கதை

அமெரிக்காவில் ஆரஞ்சுத் தோப்பு என்றால், நம் நாட்டில் ஈயக்குட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து உலகத்துக்கே ஈயம் கொடுத்த மண் கிந்தாப் பள்ளத்தாக்கு. ஈப்போ நகரம் வளர்ந்ததே ஈயத்தால்தான். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தது. லண்டன் சந்தையில் ஈய வணிகம் நின்றது. விலை பாதாளத்தில் விழுந்தது. கிந்தாவில் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. மிஞ்சியவை மணல் மேடுகளும் நீர் தேங்கிய குட்டைகளும்.

அந்தக் குட்டையில் வேறொன்றைப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ஈப்போவுக்குப் பக்கத்தில் பூசிங் என்ற ஈயச் சிற்றூரில் 1945இல் பிறந்த ஜெஃப்ரி சியா. 1974இல் சிறிய ஈயச் சுரங்க நிறுவனமாகத் தொடங்கியது அவருடைய சன்வே. சிலாங்கூரில் ஈயம் எடுத்துத் தீர்ந்த பள்ளத்தையும் கல் உடைத்த இடத்தையும் சீர்படுத்தி, 1992இல் சன்வே லகூன் நீர்ப் பூங்காவைத் திறந்தனர். வெட்டிய பள்ளமே அதன் அழகானது.

அதே நிறுவனம் 2004ஆம் ஆண்டு சொந்த மாநிலத்துக்கு வந்தது. ஈப்போவை அடுத்த தம்புனில், சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே, லாஸ்ட் வேர்ல்ட் ஆஃப் தம்புன் திறக்கப்பட்டது. தொலைந்துபோன பழைய உலகம் என்பது அதன் கதை. கதைக்கு வேண்டிய மலையை இயற்கை ஏற்கெனவே கொடுத்திருந்தது. மண்ணுக்கடியிலிருந்து வெந்நீரும் தானாகவே வந்தது. நீர்ச்சறுக்கோடு நிற்காமல், இரவு நேர வெந்நீர்க் குளியல், விலங்குகள் பகுதி என்று பிற்பாடு ஒவ்வொன்றாகச் சேர்த்தனர். டின் வேலி என்ற பகுதியில் அந்தக் காலத்துப் பெண்கள் ஆற்று மணலை டூலாங் தட்டில் அலசி ஈயம் எடுத்த விதத்தைக் காட்டுகின்றனர். பிள்ளைகளே, அங்கே போனால் சறுக்கு மரத்துக்கு ஓடுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள். இந்த ஊரை உண்டாக்கிய கைகள் அவை.

மேரு ராயாவின் பாடம்

இப்போது மனம் வருந்தத்தக்க ஒரு வரலாறு. ஈப்போ மேரு ராயாவில், மாநில அரசு சார்ந்த நிறுவனத்தின் முதலீட்டோடு, 52 ஏக்கரில், ஏறக்குறைய 50 கோடி வெள்ளிச் செலவில், மேப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மூவி அனிமேஷன் பார்க் ஸ்டுடியோஸ் எழுந்தது. 2017 ஜூன் 26ஆம் நாள், நோன்புப் பெருநாள் விடுமுறையில் திறந்தார்கள். ஸ்மர்ஃப், கேஸ்பர் என்ற வெளிநாட்டுக் கேலிச்சித்திரப் பாத்திரங்களோடு நம் நாட்டுப் போபோய்போயும் அங்கே இருந்தான். ஈப்போவுக்கு விடிந்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்தனர்.

எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. கடன் சுமை ஏறியது. 2020 ஜனவரியில் பூங்கா கதவை மூடியது. சிலர் கொரோனாவால் மூடியது என்று நினைக்கிறார்கள். அது சரியில்லை. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததே 2020 மார்ச் 18ஆம் நாள்தான். அந்த ஆணை வருவதற்கு முன்பே கடன் அதைச் சாய்த்துவிட்டது.

இதில் நாம் கற்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ராட்டினத்தில் 10 பேர் ஏறினாலும் 200 பேர் ஏறினாலும் மின்சாரச் செலவும் ஆள் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான். வட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. திறந்த புதிதில் வேடிக்கை பார்க்க எல்லாரும் வருவார்கள். ஒருமுறை வந்தவர் மறுமுறை வருகிறாரா என்பதில்தான் பூங்காவின் உயிர் இருக்கிறது. நிழல் இருந்ததா, கழிவறை சுத்தமாக இருந்ததா, வரிசையில் எவ்வளவு நேரம் நின்றோம், கெட்டுப்போன ராட்டினத்தைச் சரி செய்தார்களா என்பதையெல்லாம் மனத்தில் வைத்துத்தானே மறுபடி போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம்?

இது நமக்குத் தெரியாத தொழில் இல்லை. ரப்பர்க் கன்றை நட்டால் 6, 7 ஆண்டு களை பிடுங்கி, உரம் போட்டுக் காத்திருந்துதான் உளி வைக்க முடியும். உளி வைத்த பின்னும் ஆழமாகச் சீவினால் மரத்தில் காயம் பட்டுப்போகும். மெல்லிசாகச் சீவி, பட்டை மறுபடி வளர இடம் கொடுப்பவனே நல்ல பால் வெட்டுக்காரன். இந்தப் பொறுமை பூங்கா நடத்துவோருக்கும் வேண்டும். அவசரப் பாலுக்கு ஆசைப்பட்டால் மரம் நிலைக்காது.

நம் கண்முன் இருக்கும் உண்மைக் கதைகள்

தீம் பார்க்குக்குக் கதை வேண்டும் என்றோம். அதைக் கோடிக்கணக்கில் கொடுத்து வெளியிலிருந்து வாங்கும் இதே ஊரைச் சுற்றி எத்தனை கதைகள் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

தம்புன் மலைப் பாறையில் ஆதிமனிதர் சிவப்பு நிறத்தில் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. 1959இல்தான் அவை வெளியுலகுக்குத் தெரியவந்தன. மெய்யான தொலைந்த உலகம் அதுவே. பத்து காஜாவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய ஈயத் தூர்வாரிக் கப்பல் ஒன்று நிற்கிறது. 1982 வரை வேலை செய்தது. அதன் எடை சுமார் 4,500 டன். எந்த ராட்டினம் அதற்கு இணையாகும்? குவாலா கங்சாரில், 1877இல் வந்த முதல் ரப்பர்க் கன்றுகளில் பிழைத்ததாகச் சொல்லப்படும் மரம் இன்றும் இருக்கிறது. நம் தாத்தா பாட்டியைக் கப்பல் ஏற்றி இந்த நாட்டுக்கு வரவழைத்தது அந்த மரத்தின் வம்சம்தான்.

பத்து காஜா சாலையில் கெல்லிஸ் காசல் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர்த் தோட்ட முதலாளியான வில்லியம் கெல்லி ஸ்மித், 1915இல் அந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். தென்னிந்தியாவிலிருந்து 70 தொழிலாளர்களை வரவழைத்தார் என்பர். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் பரவிய ஸ்பானிஷ் காய்ச்சல் அவர்களில் பலரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கட்டித் தரும்படி கேட்டனர். துரையும் சம்மதித்தார். கோயில் எழுந்தது. நன்றி மறவாத அந்தத் தொழிலாளர்கள், கோயில் மேலே சாமி சிலைகளோடு சட்டை அணிந்த வெள்ளைக்காரத் துரையையும் சிலையாக நிறுத்தினர். 1926இல் துரை லிஸ்பனில் இறந்துபோனார். மாளிகை முடியாமலே நின்றது. அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது.

மாளிகையைப் பார்க்க வருகிறவர்கள் துரையின் பெயரைச் சொல்கிறார்கள். அவர் மனைவிக்காகக் கட்டியதைச் சொல்கிறார்கள். பேய்க் கதையும் சொல்கிறார்கள். செங்கல் சுமந்து, காய்ச்சலில் விழுந்தவர்களின் பெயர் ஒன்றாவது யார் வாயிலாவது வருகிறதா? கதையைச் சொல்பவன் யாரோ, அவன் யாரை நினைக்கிறானோ, அவர்களே வரலாற்றில் நிற்கிறார்கள். தீம் பார்க்குக்கும் அதே விதிதான், சரித்திரப் புத்தகத்துக்கும் அதே விதிதான்.

நாம் செய்ய வேண்டியது

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறி, லயத்து மக்கள் பட்டணம் போய்ச் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பெரட்டுக் களத்தில் விடியற்காலை நின்றவர்கள் இன்று தள்ளாத வயதில் இருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால், மங்கு எது, காண்டா வாளி எது, ஒட்டுப்பால் எது என்று சொல்ல ஆள் இருக்காது.

ஆகவே பெற்றோர்களே, விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள், தடை சொல்லவில்லை. பிள்ளைகள் சிரிக்கத்தானே நாம் உழைக்கிறோம்! போகும் வழியில் கெல்லிஸ் காசல் கோயிலிலும் ஐந்து நிமிடம் நின்று அந்த 70 பேரின் கதையைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மாணவச் செல்வங்களே, ராட்டினத்தில் ஏறும்போது அதைச் சுழற்றும் மோட்டாரையும் கவனியுங்கள். அதைச் செய்தவர் பொறியியல் படித்தவர். பொம்மைக்கு உயிர் கொடுத்தவர் சித்திரம் படித்தவர். பூங்கா மூழ்காமல் காப்பவர் கணக்குப் படித்தவர். வரிசையில் நிற்பவர்களாக மட்டும் இல்லாமல், பூங்காவை வகுப்பவர்களாகவும் நீங்கள் வர வேண்டும்.

அதற்கு முன்னால் இந்த விடுமுறையில் ஒரு சிறு வேலை. பாட்டியிடம் போய் உட்காருங்கள். "பாட்டி, நீங்க பால் வெட்டின மரம் எந்த நெரையில இருந்துச்சு? எத்தனை மரம் வெட்டுவீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை நோட்டில் எழுதுங்கள். பழைய உளியோ மங்கோ வீட்டில் கிடந்தால் துருவைத் துடைத்து, யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று சீட்டு எழுதி ஒட்டிப் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். வகுப்பறையின் ஒரு மூலை போதும், ஒரு மேசை போதும். நுழைவுச்சீட்டு வேண்டாம்.